ஏழாவது வினா

இலக்கணம் ஏட்டில் இருப்பது, பேச்சு தெருவில் கிடப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வகுப்பில் நன்னூல் படித்துவிட்டு மாலையில் பேருந்தேறி ஊர் திரும்பும் எனக்கு, படித்த நூற்பாவைத் தெருப்பேச்சோடு ஒட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. காதில் விழுந்த கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். அவற்றுள் மிகுதியானவை, கேட்பவருக்கு விடை தேவைப்படாத கேள்விகள்! இந்த வியப்பிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

என் ஊர் இளையரசனேந்தல். முன்னாளில் ஜமீன் இருந்த ஊர். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைப்பார்கள். காட்டு வேலை ஓய்ந்த மாதங்களில் தீப்பெட்டி ஆபீஸ் பலருக்குச் சோறு போடுகிறது. வீட்டில் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கலந்து வாழும் வட்டாரம் இது. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த எங்கள் பிர்கா 2008-ஆம் ஆண்டில் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஊராட்சி ஒன்றியமோ அதன் பின்னும் குருவிகுளமாகவே இருந்தது. ஆகவே கையில் காகிதக் கட்டோடு ஒருவர் பேருந்துக்கு நின்றால், "என்ன, கோவில்பட்டியா, குருவிகுளமா?" என்று கேட்பார்கள். கேட்பவருக்கு அதனால் ஆகப்போவது யாதொன்றும் இல்லை. ஆயினும் கேட்கிறார். ஏன் கேட்கிறார் என்பதே நம் ஆராய்ச்சி.

நன்னூலார் கூறும் ஆறு

வினா ஆறு வகைப்படும் என்பார் பவணந்தி முனிவர். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. ஆசிரியர் தாம் அறிந்ததையே மாணவனின் அறிவைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. மாணவன் அறியாததை அறியக் கேட்பது அறியா வினா. கயிறோ பாம்போ என மயங்கிக் கேட்பது ஐய வினா. கடைக்காரரிடம் "பருப்பு இருக்கிறதா?" என்பது, ஒன்றைப் பெற வேண்டிக் கேட்கும் கொளல் வினா. "உனக்குக் குடை இருக்கிறதா?" என்று, இல்லையெனில் கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடை வினா. "தண்ணீர் எடுத்து வைத்துவிட்டாயா?" என்று, செய்யத் தூண்டிக் கேட்பது ஏவல் வினா.

இனி, எங்கள் ஊர்க் கேள்வி ஒன்றை இந்த ஆறில் பொருத்திப் பார்ப்போம். தோளில் மம்பட்டி, கையில் தூக்குவாளி, கால் முழுதும் கரிசல். இந்தக் கோலத்தில் வரும் ஒருவரைப் பார்த்து, திண்ணையில் இருப்பவர் கேட்கிறார்: "என்ன மாமா, காட்டுலேருந்தா?"

இது அறியா வினா அன்று. காட்டிலிருந்துதான் வருகிறார் என்பதை அவர் கால்களே சொல்லுகின்றன. ஐய வினாவும் அன்று. ஐயுற அங்கு ஒன்றும் இல்லை. அறிந்தே கேட்பதால் அறிவினா என்போமா? மாமாவின் அறிவைச் சோதிப்பது கேட்பவர் நோக்கமன்று. பெறவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, ஏவவும் இல்லை. ஆறு கூடைகளிலும் அடங்காமல் இவ்வினா வெளியே நிற்கிறது.

விடைகளைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். விடை எட்டு வகை என்பது நன்னூல் மரபு. மேற்சொன்ன கேள்விக்கு எட்டு வகையாலும் விடை இறுக்கலாம். "அந்தா, ஓடைப் பக்கமிருந்து" என்றால் சுட்டு. "இல்லப்பா, கோயில்லேருந்து" என்றால் மறை. "ஆமா" என்றால் நேர். "நாளைக்கு நீயும் கூட வாயேன்" என்றால் ஏவல். "நீ என்ன இன்னைக்கு வேலைக்குப் போகலையா?" என்றால் வினா எதிர் வினாதல். "இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றால் உற்றது உரைத்தல். "ராத்திரி இடுப்பு வலிக்கப் போகுது" என்றால் உறுவது கூறல். "களையெடுப்பு முடிஞ்சுது" என்றால் இனமொழி. எட்டில் எது வந்தாலும் கேட்டவர் முகம் சுளிப்பதில்லை. "நான் கேட்டதற்கு இது விடையா?" என்று மடக்குவதும் இல்லை. வினாவும் விடையும் வழுவின்றி அமைய வேண்டும் என்று கிளவியாக்கத்தில் விதிக்கும் தொல்காப்பியரும், வினாவுக்கு எதிராக வரும் வினாவையும் விடையாகவே ஏற்றுக்கொள்கிறார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

எந்த விடையையும் ஏற்றுக்கொள்வதுதான் இவ்வினாவின் இலக்கணம். இதனை 'உறவு வினா' என்று பெயரிட்டு, ஏழாவதாக வைக்க விரும்புகிறேன்.

அறிஞர் கண்ட உண்மை

இஃது எங்கள் கரிசல் காட்டுக்கு மட்டும் உரியதன்று. நியூகினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் மாலினோவ்ஸ்கி, ஆக்டன், ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவர் பொருளியல்பு பற்றி எழுதிய நூலின் பிற்சேர்க்கையாக 1923-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நலம் கேட்பதும், வானிலை பற்றிப் பேசுவதும், கண்ணெதிரே தெரிவதையே எடுத்துச் சொல்லுவதும் செய்தி அறிவிக்க எழுந்தவை அல்ல; மனிதரை மனிதரோடு பிணைக்க எழுந்தவை என்பது அவர் கருத்து. பேசாதிருக்கும் அயலானைக் கண்டால் மனிதனுக்கு இயல்பாகவே ஓர் அச்சம். அந்த மௌனத்தைக் கலைப்பதே பேச்சின் முதல் வேலை என்று அவர் விளக்கினார். 1960-இல் மொழியியல் அறிஞர் ரோமன் யாக்கப்சன் மொழியின் பயன்களை ஆறாகப் பகுத்தபோது, இதனையும் ஒன்றாகச் சேர்த்தார். தொலைபேசியில் "ஹலோ, கேட்குதா?" என்கிறோமே, அதுபோல வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பயன் இது.

நம் வட்டாரத்திலும் இதன் அருமை அறிந்தோர் உண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923-இல் பிறந்து 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன், மக்கள் வாய்ப்பேச்சையே எழுத்தின் மொழியாகக் கொண்டவர். 1982-இல் வெளிவந்த அவரது கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, பேச்சுச் சொல்லும் தொகுக்கத்தக்கதே என்பதைத் தமிழுலகிற்குக் காட்டியது. சொற்களை அவர் தொகுத்தளித்தார். கேட்கும் முறைகளைத் தொகுப்பது நம் போன்ற மாணவர் செய்யக்கூடிய பணி.

கேட்கும் ஒழுங்கு

உறவு வினாவுக்கு எழுதப்படாத விதிகள் பல உண்டு. முதலாவது, முறை சொல்லித் தொடங்க வேண்டும். மாமா, மதினி, அண்ணாச்சி, சின்னையா, தாத்தா, தாயி என ஏதேனும் ஒரு சொல் முன்னே வரவேண்டும். அது இல்லாமல் "காட்டுலேருந்தா?" என்று மட்டும் கேட்டால் காவலர் விசாரணைபோல் ஒலிக்கும். இரண்டாவது, இருப்பவர் வருபவரைக் கேட்பதே வழக்கம். வருபவர் நின்று விடை சொல்லித்தான் கடப்பார். மூன்றாவது, புறப்பட்டுப் போகிறவரை "எங்கே போறீக?" என்று கேட்கலாகாது, போகும் காரியம் தடைப்படும் என்பர். "தூரமா?" என்று கேட்க வேண்டும். "ஆமா, சங்கரன்கோயில் வரை" என்றால் ஊர் தெரியும். "இந்தா, பக்கத்துலதான்" என்றால் சொல்ல விருப்பமில்லை என்பது தெரியும். விருப்பமில்லாதவருக்கு ஒதுங்க இடம் விட்டு ஒரு கேள்வியை அமைத்திருக்கும் நயத்தை என்னென்பது! நான்காவது, விடை சுருக்கமாக இருக்கவேண்டும். "சொகமா இருக்கீகளா?" என்றால் "இருக்கோம்" என்று சொல்லி நடக்க வேண்டும், நோயின் வரலாறு முழுவதையும் நடுத்தெருவில் விரிக்கலாகாது.

இவற்றுள் ஆழமானது "சாப்பிட்டாச்சா?" என்னும் வினா. பார்ப்பதற்கு உறவு வினா. உள்ளே மடித்து வைத்திருப்பதோ கொடை வினா. "இன்னும் இல்லை" என்று விடை வந்துவிட்டால், "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று அழைக்கக் கேட்டவர் கடமைப்பட்டவர் ஆகிறார். அதனாலேயே பசித்தவரும் "ஆச்சு" என்கிறார். கேட்டவருக்குப் பாரம் ஏற்றக் கூடாதே என்ற பண்பு அது. அந்த "ஆச்சு" எந்தக் குரலில் வருகிறது என்பதைக் கேட்டவர் கவனிக்கிறார். குரல் தளர்ந்திருந்தால் அடுத்த வேளைக்கு ஒரு கிண்ணம் குழம்பு அந்த வீட்டுக்குப் போகும். பேச்சில் ஒரு சொல்லும் வெளிப்படையாக வராமலே செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வெட்டிப் பேச்சா?

"இதெல்லாம் வெட்டிப் பேச்சு, வள்ளுவரே பயனில சொல்லாமை என்று ஓர் அதிகாரம் பாடியிருக்கிறாரே" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மை. புறங்கூறாமையை 19-ஆம் அதிகாரமாகவும், பயனில சொல்லாமையை 20-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவர். ஆனால் அதே வள்ளுவர் விருந்தோம்பலை 9-ஆம் அதிகாரமாக வைத்து, அதை அடுத்து இனியவை கூறலை 10-ஆம் அதிகாரமாக வைத்திருக்கிறார். சோற்றுக்கு அடுத்து இன்சொல்! "சாப்பிட்டாச்சா?" என்னும் வினா இவ்விரண்டு அதிகாரங்களும் கைகோக்கும் இடம் அன்றோ? ஆகவே, உறவு வினா பயனுடையதா இல்லதா என்பதே முடிவு செய்ய வேண்டியது.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகரையடுத்த ஊரொன்றில், தெரிந்தவர் சொல்லி வேலை பெற்றோரை அவர் விசாரித்தார். வேலை பற்றிச் சொன்னவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் ஏறக்குறைய 17 விழுக்காட்டினரே. எஞ்சியோர் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவர் மூலமே வேலை பெற்றிருந்தனர். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகமே புதிய செய்தியைக் கொண்டுவரும் என்பது அவர் காட்டிய காரணம். எங்கள் ஊரில் இதற்கு ஆய்வு தேவையில்லை. எந்தத் தீப்பெட்டி ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள், உளுந்துக்கு யார் நல்ல விலை தருகிறார்கள், எந்தக் கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்பனவெல்லாம் டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும்தான் கிடைக்கும். இக்கல்லூரியில் விண்ணப்பம் தருகிறார்கள் என்று என் வீட்டுக்கு வந்த செய்தியும், "ஏ தாயி, பன்னெண்டாவது முடிச்சாச்சா?" என்ற ஒரு வினாவின் பின்னால் வந்ததுதான்.

ஆனால் செய்தி கிடைக்கும் என்று கணக்கிட்டு யாரும் கேட்பதில்லை. நாள்தோறும் கேட்டுவைத்தால்தான், தேவை வந்த நாளில் "ஐந்நூறு ரூபாய் இருக்குமா?" என்ற கொளல் வினாவையும், "ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரட்டுமா?" என்ற கொடை வினாவையும் கூச்சமின்றிக் கேட்கமுடியும். பல மாதம் பேசாதிருந்தவரிடம் திடீரென்று கடன் கேட்க வாய் வராது. மற்ற வினாக்கள் நடப்பதற்குப் பாதை போட்டு வைப்பது இந்த ஏழாவது வினாதான்.

கேட்கப்படாதவர்கள்

இவ்வளவு புகழ்ந்தபின் இதன் மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. நம் நாட்டுக் கிராமங்களில் இந்த வினா எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைத்ததில்லை. தண்ணீரை அளந்து ஊற்றியதுபோல், குவளையைத் தனியே வைத்ததுபோல், முறைச்சொல்லையும் சாதி பார்த்தே வழங்கினார்கள். தாத்தா வயதுடைய பெரியவரைப் பத்து வயதுச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் அழைக்கும் வழக்கம் நம் காலத்திலும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அவரிடம் "வேலை முடிஞ்சதா?" என்று கேட்டார்களே ஒழிய, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டவர் சிலர். காரணம் மேலே சொன்னதுதான்: கேட்டால் வீட்டுக்குள் அழைக்க வேண்டிவரும். ஆறு வினாக்களில் ஏவல் வினாவை மட்டுமே கேட்டு வாழ்ந்த மக்கள் எத்தனை தலைமுறை! ஓர் ஊரில் சமத்துவம் வந்துவிட்டதா என்று அறிய அரசு ஆவணங்களைப் புரட்ட வேண்டியதில்லை. யார் யாரை எந்த முறை சொல்லிச் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று கவனித்தால் போதும்.

இன்னொன்று பெண்களைப் பற்றியது. "எங்க, டவுனுக்கா?" என்று என் தம்பியைக் கேட்பவர், "ஆமா" என்றதும் விட்டுவிடுகிறார். அதே மனிதர் அதே சொல்லால் என்னைக் கேட்கும்போது, "ஆமா" போதுவதில்லை. யாரோடு, எதற்கு, எப்போது திரும்புவது என்று கேள்வி வளர்கிறது. உறவு வினாவின் உடை போட்டு வரும் வேவு வினா இது. இரண்டையும் பிரித்தறிய முன்னே கண்ட இலக்கணமே உரைகல்: எந்த விடையையும் ஏற்றுக்கொண்டு வழிவிடுவது உறவு வினா, தான் எதிர்பார்க்கும் விடை வரும்வரை வழிமறிப்பது வேவு வினா. "தூரமா?" என்று கேட்கத் தெரிந்த ஊருக்கு, பெண்பிள்ளைகளிடமும் "தூரமா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்ளத் தெரியாதா என்ன?

மூன்றாவதாக முதியோர். பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, கரிசல் ஊர்களில் தனியே வாழும் முதியவர்களை இன்று தெருவுக்குத் தெரு காணலாம். பணம் வந்துவிடுகிறது, கைபேசியில் ஞாயிறுதோறும் குரலும் வந்துவிடுகிறது. ஆனால் பகல் முழுதும் வாசலைக் கடப்போர் ஒரு சொல் கேட்காமல் போனால், அந்த வீட்டில் விளக்கு எரிந்ததா என்பது யாருக்குத் தெரியும்?

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரைக் கொடும் வெப்பம் தாக்கி, எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனியே வாழ்ந்த முதியவர்கள் அவர்களுள் மிகப் பலர். சமூகவியல் அறிஞர் எரிக் கிளினென்பர்க் இதனை ஆராய்ந்து 2002-இல் நூலாக வெளியிட்டார். அடுத்தடுத்து அமைந்த இரண்டு பகுதிகள். இரண்டிலும் ஏழைகளும் தனித்து வாழும் முதியோரும் மிகுதி. ஆயினும் ஒன்றில் சாவு விகிதம் மற்றதைவிடப் பல மடங்கு. குறைவாக மாண்ட பகுதியில் தெருவில் கடைகள் இருந்தன, ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வந்து போகும் பழக்கம் இருந்தது. மற்றதில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அஞ்சிக் கதவடைத்துக்கொண்ட முதியவர்கள் உள்ளேயே மாண்டனர். நாள்தோறும் தெருவில் நாலு முகம் பார்ப்பதும் நாலு வார்த்தை பேசுவதும் உயிர்காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கது

ஊர் மாறிவருகிறது. திண்ணை வைத்துக் கட்டும் வீடுகள் அருகிவிட்டன. பேருந்தில் அருகே இருப்பவரைப் பார்க்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வருகிறோம். கைபேசியைப் பழிப்பது என் நோக்கமன்று. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் பூப்படத்தோடு வரும் "காலை வணக்கம்", திண்ணையிலிருந்து எழுந்த அந்தப் பழைய வினாவின் இன்றைய வடிவமே. படத்தில் ஒன்றும் இல்லை, "நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா?" என்பதுதான் அதில் உள்ளது. ஆயினும் அனைவருக்கும் பொதுவாக அனுப்பும் வணக்கத்தில், முறை சொல்லி ஒருவரை மட்டும் விளிக்கும் அந்த முன்சொல் இல்லை. தளர்ந்த "ஆச்சு"வை அதில் கேட்கவும் முடியாது.

நம் கல்லூரிக்கு வருவோரில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். முதலாண்டு மாணவர் ஒருவர், சேர்ந்த புதிதில், வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே ஒரு வாரத்தைக் கழித்துவிடக் கூடும். பாடம் புரியாமல் படிப்பை விடுபவரைப் போலவே, தம்மை ஒருவரும் கேளாததால் விடுபவரும் உண்டு. மதியம் சோற்று டப்பா கொண்டுவராமல் மரத்தடியில் புத்தகம் விரித்திருப்பவரை நாம் கண்டதில்லையா? அவரிடம் அறிவுரை சொல்ல வேண்டாம். உதவித்தொகை விவரம்கூடப் பிறகு சொல்லலாம். முதலில் முறை சொல்லி அழைத்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். "ஆச்சு" என்பார். அந்தக் குரலைக் கவனிப்போம். பெருக்க வரும் அம்மாவையும், வாயிற்காவலரையும், தெருக்கோடியில் தனித்திருக்கும் பாட்டியையும் அவ்வாறே கேட்போம்.

ஆறு வினாக்களோடு ஏழாவதாக ஒன்றைச் சேர்க்க மாணவி ஒருத்திக்கு என்ன உரிமை என்று தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். 'உறவு வினா' என்பதைவிடப் பொருத்தமான பெயரை அவர்கள் இட்டால் மகிழ்ந்து ஏற்பேன். கொடை வினாவுள் அடக்கலாம் என்று நிறுவினாலும் மறுக்கமாட்டேன். நூற்பாவில் இடம் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. நம் தெருவிலும் வகுப்பிலும் அதற்கு இடம் இருந்தால் போதும்.